யானைக்கு வைத்த படையல்

யானை வருவதற்கு முன்னால் அதன் வாடை வந்துவிடும். மழையில் நனைந்த கோணிச்சாக்கும் புளித்த பழமும் சேர்ந்த ஒரு வாடை, ஜொகூரில் கோத்தா திங்கி ஊருக்கு அப்பால் காட்டை ஒட்டிக் கிடந்த எங்கள் தோட்டத்தின் கடைசி லயத்து வீடுகளுக்குள் சாயங்காலத்தில் நுழையும்போது, அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, "வந்துட்டாருடி" என்பார். யார் என்று நான் கேட்டதில்லை. எங்கள் லயத்தில் யானையை யாரும் யானை என்று சொன்னதில்லை, அது "பெரியவர்".

ரப்பர் மரங்களையும் பின்னாலிருந்த காட்டில் ஒரு பகுதியையும் வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று நட்டிருந்த காலம் அது. இளங்கன்றின் குருத்து என்றால் யானைக்கு உயிர். தான் நடக்கிற வழியிலேயே யாரோ பந்தி போட்டு வைத்திருந்தால் அது சாப்பிடாமல் போகுமா? வேலையாட்களை மேற்பார்க்கும் "மண்டோர்" ஆக இருந்த அப்பா, காலையில் மானேஜரிடம் ஏச்சு வாங்குவார். மாலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தகர டின்னைத் தட்டி அதை விரட்டுவார். அம்மாவோ, தெம்புசு மரத்தடியில் இருந்த பிள்ளையாருக்குப் பின்பக்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு வருவார். ஒரே வீட்டில் ஒருவர் விரட்ட, ஒருவர் விருந்து வைத்தால் அந்தப் பிராணிதான் என்ன செய்யும்?

அம்மாவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. டெங்கி கண்டு அப்பா ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டார். அப்பா வீடு திரும்பிய அன்று மாலையே அந்தக் கொம்பன் யானை மரத்தடியில் வந்து நின்றது. வேறென்ன சாட்சி வேண்டும்? "கல்லுக்கு வைக்கிறோம், கண்ணு முன்னாடி வந்து நிக்கிறவருக்கு வைக்க மாட்டோமா?" என்று பிழைத்து வந்த அப்பாவிடம் அம்மா கேட்டார். விநாயகர் சதுர்த்திக்குள் மற்ற வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கரும்பு, பலாப்பழம், வெல்லம் போட்ட கொழுக்கட்டை. அது கொழுக்கட்டையை இலையோடு சுருட்டி வாய்க்குள் போடுவதைப் பிள்ளைகள் நாங்கள் தள்ளி நின்று பார்த்துக் கும்பிட்டோம். அத்தனை சந்தோஷம் பிறகு எந்தத் திருவிழாவிலும் எனக்கு வரவில்லை.

டின் சத்தத்துக்கு அது பயப்படுவது நின்றுபோனது. படையல் இல்லாத நாளில் தேடிக்கொண்டு வர ஆரம்பித்தது. ஒரு நாள் பட்டப்பகலில், பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் அடுப்படிப் பலகைச் சுவரைத் தள்ளிவிட்டு அரிசிப் பானைக்குள் தும்பிக்கையை விட்டது. அக்கா கைக்குழந்தையோடு முன்வாசல் வழியாக ஓடியதால் தப்பினார். மானேஜர் புகார் கொடுத்தார். வனவிலங்கு இலாக்கா ஆட்கள் வந்தார்கள்.

மயக்க ஊசி, சங்கிலி, லாரி, கூடவே பழக்கிய யானைகள் இரண்டு. கூத்தைக் கேளுங்கள், பிடிக்க வந்த அந்த யானைகளுக்கும் எங்கள் பெண்கள் தேங்காய் உடைத்தார்கள்! தோட்டங்களில் சுற்றிச் சுற்றித் தமிழ் பழகியிருந்த மலாய் அதிகாரி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஆனாலும் அம்மாவிடம் அவர் கோபப்படவில்லை. "நீங்க சாப்பாடு குடுக்காம இருந்தா, இவன் பயந்துகிட்டு இங்கயே காட்டுல இருந்திருப்பான் லா, அக்கா" என்றார். லாரியில் ஏற மறுத்து அது முன்காலை ஊன்றி நின்றபோது, "ஏறிடு சாமி, அடிச்சிடப் போறாங்க" என்று அம்மா வாய்விட்டு அழுதார். அதை எந்தக் காட்டில் விட்டார்கள், அங்கே பிழைத்ததா என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

குற்றம் யார் மேல் என்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது. காட்டை அழித்து நட்ட செம்பனையின் கூலியில்தான் நான் படித்தேன். பிடித்துக்கொண்டு போனவர்கள், சுட்டுக் கொல்லாமல் கொண்டுபோனார்களே என்று நினைத்துக்கொள்கிறேன். மிச்சம் இருப்பது அன்பு வைத்தவர்கள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அவர் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டார் என்று தெரியும். சில வருடங்களில் தோட்டம் கைமாறி எங்களையும் காலி பண்ணச் சொன்னார்கள். கட்டிலும் பாத்திரமுமாக நாங்கள் ஏறி உட்கார்ந்தபோது, "அவரையும் லாரியிலதான் ஏத்துனாங்க" என்றார் அம்மா.

இப்போது ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் அடுக்குமாடி வீடு. அப்பா இல்லை. விடியுமுன் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய் இருட்டியதும் திரும்புகிறவள் நான். விடுமுறை கிடைத்தால்தான் அம்மாவை வெளியே கூட்டிப் போக முடிகிறது. அப்படித்தான் போன மாதம் கோயிலுக்குப் போய்விட்டு, பழைய தோட்டத்தைத் தாண்டும் மெர்சிங் சாலையில் காரில் வந்தோம். லயம் இருந்த பக்கம் வீடமைப்புத் திட்டம் வந்திருக்கிறது, தெம்புசு மரம் இல்லை, காடு சாலையோரத்தில் வேலி அகலத்துக்கு மிஞ்சியிருக்கிறது. அந்த ஓரத்தில் ஓர் இளம் கொம்பன் நின்றது. முன்னால் நின்ற கார்களில் கண்ணாடியை இறக்கிப் பழத்தை வீசிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் மடியில் கோயில் பிரசாதத் தட்டு, அதில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் கை அதன்மேல் போவதைப் பார்த்தேன். பிறகு முந்தானையை இழுத்துப் பழத்தை மூடிவிட்டு, "ஹாரன் அடிடி, பயப்படட்டும்" என்றார். அடித்தேன். அது திடுக்கிட்டுக் காதை விரித்து, திரும்பிப் புதருக்குள் போனது. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அம்மா கைகூப்பியிருந்தார்.

"எங்க பக்கம் வந்துடாத சாமி" என்றார்.