கணினிக்கு எண்ணெய் தேய்த்த வாரம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு மாதமாக இரைகிறது. மேசைக்கு அடியில் நிற்கும் அந்தப் பெட்டி, போட்ட ஐந்தாவது நிமிடத்தில் மாவு மில் மாதிரி ஆகிவிடும். என் மகளுக்கு ஏழு மாதம். மதியம் அவள் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில்தான் நான் ஒரு கப்பல் ஏஜென்சிக்காக வீட்டிலிருந்தே பில் டைப் செய்கிறேன். பெட்டி இரைந்தால் அவள் விழிப்பாள், அவள் விழித்தால் என் வேலை நிற்கும். இரண்டில் எதைப் பழுதுபார்ப்பது என்று யோசித்து, திருகாணி உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன்.

நான்கு திருகாணிகளில் மூன்று கழன்றன. நான்காவது உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பெட்டியோடு ஒன்றாகிவிட்டது. மூடியை ஒரு பக்கமாக வளைத்துத் திறந்தேன். விசிறி இதழ்களில் கன்னங்கரேலென்று ஒரு படிவு. அதிலிருந்து வந்தது சாம்பிராணி வாசனை.

காரணம் உடனே தெரிந்தது. என் அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இந்த அறையில் வைத்துத்தான் தலைக்குப் புகை காட்டுகிறார். நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் சாம்பிராணிக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை. அது முடி காய்வதற்கு. பாதிப் புகை பிள்ளைக்கும் பாதி பெட்டிக்கும் போயிருக்கிறது.

ஆனால் கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி போட்டதில் அம்மா முதல் ஆள் அல்ல. கல்யாணத்துக்கு முன் நான் துறைமுகம் போகும் ரோட்டில் ஒரு மாடி ஆபீசில் வேலை பார்த்தேன். ஏற்றுமதிச் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கும் ஆபீஸ். நான்கு பேர், நான்கு கம்ப்யூட்டர். ஜன்னலுக்குக் கீழே நாள் முழுக்க உப்பு லாரிகள். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே தூபக்காலை ஏந்தி ஒவ்வொரு மிஷினுக்கும் பின்பக்கம் சற்று நேரம் காட்டுவார். புகை உள்ளே இழுபடும். சாமி ஏற்றுக்கொள்வதாக அவர் நினைத்திருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நான்கில் அதிகம் இரைந்தது என் மிஷின். கன்டெய்னர் அடுக்கும் யார்டிலிருந்து அதன் நம்பரைப் போனில் சொல்வார்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அந்த இரைச்சலில் ஒருநாள் ஓர் இலக்கம் மாறி, கன்டெய்னர் அரைநாள் துறைமுக கேட்டில் நின்றது. அண்ணாச்சி சத்தம் போடவில்லை.

"இன்னொரு நம்பர் தப்பாச்சுன்னா வேற எடம் பாத்துக்கம்மா" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கும் அதே குரலில்.

மறுநாள் மதியம் நான் என் மிஷினைத் திறந்தேன். விசிறியின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை உரித்து, கொண்டை ஊசி நுனியால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். எங்கள் வீட்டில் கதவுக் கீல், தையல் மிஷின், சைக்கிள் செயின், தலை எல்லாவற்றுக்கும் அதுதான். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தது வீண் போகவில்லை என்று தோன்றியது.

பக்கத்து இருக்கை ஜெசிந்தா அக்கா கடற்கரைத் தெருக்காரர். "ஏளா, எனக்கும் ரெண்டு சொட்டு விடு. காதுக்குள்ள போட் எஞ்சின் ஓடுத மாதிரி இருக்கு" என்றார். சாயங்காலத்துக்குள் நான்கு விசிறிக்கும் எண்ணெய் விட்டாயிற்று. அந்த வாரம் நான் தலைநிமிர்ந்து நடந்தேன். அமைதியைத் தன் பூஜையின் பலன் என்று எடுத்துக்கொண்ட அண்ணாச்சி, அந்த வெள்ளிக்கிழமை புகையைச் சற்றுத் தாராளமாகவே காட்டினார்.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு கப்பலுக்குக் காகிதம் போயாக வேண்டும். பதினொரு மணிக்கு என் மிஷின் சூடேறி அணைந்தது. இரண்டு மணிக்குள் நான்கும். மெக்கானிக் ரூபன் அண்ணன் வந்து திறந்தார். விசிறிகள் நான்கும் கறுப்புப் பசையில் அசையாமல் நின்றன. விரலால் தொட்டு முகர்ந்துவிட்டுச் சொன்னார்:

"எண்ணெயும் தேச்சிருக்கீய, சாம்பிராணியும் போட்டிருக்கீய. குளிப்பாட்டத்தான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள், என்னையும் அண்ணாச்சியையும் தவிர. "எண்ணெ யாரு விட்டது?" என்று அண்ணாச்சி கேட்டார். ஜெசிந்தா அக்கா ஜன்னல் வழியே லாரிகளைப் பார்த்தார். நான் கொண்டை ஊசியைத் தலைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டேன். ரூபன் அண்ணன் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அதில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"எண்ணெ கெடக்கட்டும் அண்ணாச்சி. இந்தக் கரியப் பாருங்க. பொகைதான் அடச்சிருக்கு."

அண்ணாச்சி மறுபடி கேட்கவில்லை. எங்கள் ஏழு கன்டெய்னர்களை விட்டுவிட்டுக் கப்பல் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தூபக்காலோடு அறை வாசலிலேயே நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே நான்கு மிஷின்களின் திசையிலும் ஒவ்வொரு முறை கையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். என் வேலை தப்பியது. அதற்குப் பின் நான்கு வருடம் அங்கே இருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பிறகு, ரூபன் அண்ணன் தொழில் தெரிந்தவர், புகை என்றால் புகையாகத்தான் இருக்கும் என்றும் நினைப்பேன். இரண்டாவது நினைப்புதான் வசதியாக இருந்தது.

வீட்டுப் பெட்டியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சுத்தம் செய்தேன். ப்ராசஸருக்கு மேலிருக்கும் அலுமினியத் தகடுகளில் அடைத்திருந்த தூசியை ஊதி எடுத்தேன். அதிர்வு தரையில் இறங்காமலிருக்க, கணவர் கொண்டுவந்த மீன்வலை மிதவையை நான்காக வெட்டிப் பெட்டிக்குக் காலாக வைத்தேன். சத்தம் போய்விட்டது. சத்தம் இல்லாததால் நம்பிக்கையும் வரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் கைவைத்து, காற்று வருகிறதா என்று பார்க்கிறேன். அதே கையை மகளின் மூக்கருகிலும் வைத்துப் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த விசிறி ஏழு மாதம் புகை குடித்திருக்கிறது. கத்தியது, ஆனால் ஒருநாளும் நிற்கவில்லை. புகையால் விசிறி இரையும். நிற்க வேண்டுமென்றால் எண்ணெய் வேண்டும்.

இதைச் சொல்ல இப்போது யாருமில்லை. அந்த மாடியில் கோச்சிங் சென்டர் நடக்கிறது. கன்டெய்னர் நம்பர்கள் தாமாகவே திரையில் வந்து விழுகின்றன. போனில் யாரும் படிப்பதில்லை. ரூபன் அண்ணன் துபாயில் இருப்பதாகக் கேள்வி. அண்ணாச்சி தவறி இரண்டு வருடமாகிறது. துக்கத்துக்குப் போனேன். அங்கேயும் சொல்லவில்லை.

நேற்றுத்தான் அம்மாவிடம், இனி புகையெல்லாம் அறைக்கு வெளியே என்று கறாராகச் சொல்லியிருந்தேன். இன்று குளிப்பாட்டி முடித்ததும் அம்மா ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் தூபக்காலுமாக வந்து, அண்ணாச்சி நின்ற மாதிரியே நிலைப்படியில் நின்றுகொண்டார். புகை உள்ளே வராதபடி சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தார்.

நான் கம்ப்யூட்டரை அணைத்து, அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன்.

"உள்ளயே போடுங்கம்மா" என்றேன்.