மெயினை ஆஃப் செய்யாத துரைசாமி அண்ணன்

26 அக்டோபர் 2009, திங்கள், காலை 8.20. மேசை மேல் ஒன்பது போர்டு. தீபாவளி லீவு முடிந்ததும் எனக்கு முதல் போன் போடும் துரைசாமி அண்ணன் இல்லை.

போன வியாழன் போய்விட்டார். நெஞ்சு வலி. தாராபுரம் பக்கம், மாமனார் ஊரில்...

எனக்கு இன்றுதான் தெரியும். அவர் போனில் என்னை "கண்டென்சர் தம்பி" என்று போட்டு வைத்திருந்தாராம். அது யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்கு: வேலம்பாளையத்தில் ஒன்பது நிட்டிங் மெஷின் வைத்து எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் துணி ஓட்டிக் கொடுத்தவர். அந்த மெஷின்களின் கண்ட்ரோல் போர்டுக்கு சர்வீஸ் நான். எங்களுக்குள் சண்டை ஒன்றே ஒன்றுதான். கெப்பாசிட்டர். அவர் வாயில் அது பழைய பேரில் கண்டென்சர்.

பஞ்சு பறக்கிற ஷெட். போர்டு மேல் கம்பளி போர்த்தியது மாதிரி தூசி, உள்ளே சூடு. அந்த இடத்தில், 85 டிகிரி வரை மட்டுமே தாங்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் காய்ந்து போகும். காய்ந்ததும் ஒரு குணம் வரும்... சூடாக இருக்கும்வரை எப்படியோ ஓடும். ஒருமுறை ஆஃப் செய்து ஆறவிட்டால் பவர் சப்ளை கிளம்பாது.

மாற்றுங்கள் என்றேன். அண்ணன் கண்டுபிடித்த வழி வேறு. ஆஃப் செய்வதையே விட்டுவிட்டார்.

கரண்ட் போனால் அடுத்த நிமிடம் ஜெனரேட்டர். ஞாயிறு லீவிலும் பேனல் லைட் எரியும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை... அன்றைக்கும் பேனல் ஆன்.

"சாமி கும்புடறப்பவாச்சும் அணைக்கக் கூடாதாண்ணா?"

"அணைச்சா அந்தச் சாமியே வந்து தொட்டாலும் எந்திரிக்காதுங் தம்பி. பேசாம பொரி சாப்புடுங்க."

ஒரே ஒரு தடவை ஒத்துக்கொண்டார். ஒரு போர்டுக்கு மட்டும். கெப்பாசிட்டரை அவரே கோயமுத்தூர் போய் வாங்கி வந்தார். டாண்டலம் உலோகத்தில் செய்த வகை. 12 வோல்ட் லைனுக்கு, 16 வோல்ட் வரை மட்டும் தாங்கும் பீஸ்.

"இது எதுக்குண்ணா? ஜெனரேட்டர் மாத்தறப்ப அடிக்கிற அடிய டாண்டலம் தாங்காது. போடறதுன்னா 25 வோல்ட்டுக்கு மேல போடணும்."

"கடையிலயே வெல ஜாஸ்தி இதுதானுங். வெல ஜாஸ்தின்னா நல்லதுதானுங்களே?"

போட மாட்டேன் என்றேன். வேறு ஆளை வைத்துப் போட்டார். மறுநாள் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறியது, டப்பென்று வெடித்தது. ஷெட் முழுக்க நாற்றம். என்னைக் கூப்பிட்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல், "இந்த வாசனைக்கு உங்க காலேஜ்ல என்னங் பேரு?" என்றார்.

கோபமாகத்தான் போனேன். சிரித்துவிட்டேன்.

வியாழன் அன்று சாவுச் செய்தி வந்ததும் ஷெட்டைப் பூட்டியவர்கள் மெயினை இறக்கிவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்? இன்று காலை ஏற்றினால் ஒன்பதும் கிளம்பவில்லை.

போர்டுகளைக் கழற்றிக் கொண்டு வந்தது அண்ணன் மனைவி செல்வி அக்காவின் தம்பி. மெஷினை வாங்க நாளை மாலை ஆள் வருகிறாராம்.

"ஹேர் டிரையர் அடிச்சா ஓடுமாமுங்களே? அவரு பாத்துட்டுப் போற வரைக்கும் ஓடுனா போதுங்க."

ஓடும். கெப்பாசிட்டரைச் சூடேற்றினால் ஓடத்தான் செய்யும். செய்ய மாட்டேன் என்றேன். அவர் முறைத்துக்கொண்டிருக்கும்போதே அக்கா லைனில் வந்தார்.

"கண்ணு, நெசமாலுமே ஓடுமுங்களா? ஓடுச்சுன்னா நான் விக்கலீங்க. நானே ஓட்டிக்கறேன். பதினஞ்சு வருசமா அந்த ஷெட்டுலதான நானும் நிக்கறேன்..."

ஓடும்க்கா என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து உட்கார முடியவில்லை. சால்டரிங் அயர்ன் சூடாகிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

RIP போடுகிறவர்கள் போடுங்கள். எனக்கு இப்போது போன் செய்யாதீர்கள்.

போய் வாங்கண்ணா. இந்தத் தடவை கெப்பாசிட்டர் வாங்கப் போவது நான்.

1. ஒன்பது போர்டிலும் தூசி ஊதிவிட்டு, பழைய எலெக்ட்ரோலைட்டிக் எல்லாவற்றையும் கழற்றுவது. நல்லது மாதிரி தெரிவதையும்தான்.

2. பவர் சப்ளைக்கு 105 டிகிரி, உள்மின்தடை குறைவான எலெக்ட்ரோலைட்டிக். 12 வோல்ட் லைனில் 25 வோல்ட் பீஸ். டாண்டலம் கிடையாது.

3. நூல் அறுந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாருக்கு ஃபிலிம் கெப்பாசிட்டர். சூட்டில் மதிப்பு மாறும் மலிவு செராமிக் வேண்டாம்.

4. நாளை மதியத்துக்குள் ஒன்பதையும் மாட்டி, நூல் ஏற்றி ஓட்டுவது.

5. ஓடியதும் மெயினை இறக்குவது. போர்டில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும்வரை காத்திருப்பது.

6. அக்காவை ஆன் பண்ணச் சொல்வது.