மாட்டைக் கட்டினேன், குளம் அவிழ்ந்தது

சனிக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு புடவை, மகனுடைய பழைய ஸ்வெட்டர், ஒரு டப்பா கடலை உருண்டை. அறுபத்தெட்டு வயதில் தனியாக மலை ஏறுகிறேனே என்று மருமகள் ரோடுவரை புலம்பிக்கொண்டே வந்தாள். எனக்கோ சந்தோஷத்தில் முதல் நாள் தூக்கமே பிடிக்கவில்லை.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஏரியை இரண்டு வருஷமாக ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. ஊதாப் பூ, பார்க்க அழகுதான். ஆனால் மதகை அடைத்துக்கொண்டு கடைமடை வயலுக்குத் தண்ணீர் விடமாட்டேன் என்கிறது. அந்தக் கடைமடையில் என் ஒன்றரை ஏக்கரும் இருக்கிறது. நாங்கள் பெண்கள் குழுவாகச் சேர்ந்து இழுத்துப் போட்டோம். இழுத்த மாதமே திரும்ப மூடிக்கொண்டது.

அப்போதுதான் எங்கள் வீதியில் தையல்கடை வைத்திருக்கும் பெண் தன் போனில் ஒரு படம் காட்டினாள். சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குளம். அவளுடைய அம்மா பேச்சியம்மாள், கொழுந்து பறிக்கிறவள், இடுப்பளவு தண்ணீரில் நின்று அதே தாமரையை அள்ளிக்கொண்டிருந்தாள். பாதிக் குளம் கண்ணாடி மாதிரி கிடந்தது. எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துவர, குழுவில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரை அனுப்புவார்கள்? நாற்பது வருஷம் வயலில் ஆள் வைத்து வேலை வாங்கியவள் நான்.

பொள்ளாச்சியில் இறங்கி உடுமலை, உடுமலையில் மூணாறு பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர் மலைப்பாதை. போர்டை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும், அதனால் கண்டக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"ஏனுங் கண்டக்டர், மூணாறுல எறங்குனா சூரியநெல்லிக்கு வண்டி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க ஆத்தா. டூருங்களா?"

"டூரெல்லாம் இல்லீங்க. ஒரு கொளத்துல களை எடுக்கறாங்க, பாக்கப் போறேன்."

"நம்மூர்ல இல்லாத களையா? அதப் பாக்க டிக்கெட் வேற எடுக்கறீங்க!"

பக்கத்துச் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சின்னாறு காட்டில் ஜன்னலோரம் குரங்குகள். மறையூரில் சாயா பன்னிரண்டு ரூபாய், ஆனால் டம்ளர் நிறையக் கொடுத்தார்கள். அதற்கு மேல் காற்று மாறியது, ஸ்வெட்டரை எடுத்துப் போட்டேன். மூணாறில் வேறு பஸ். அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் தேயிலை. இவ்வளவு பெரிய தோட்டத்தை இப்படி ஒரே சீராக வெட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்குச் சூரியநெல்லி. பேச்சியம்மாள் காத்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

"வாங்க மதினி! மக சொல்லுச்சு. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிய. நாளைக்குச் சாயங்காலம் எங்களுக்குப் பரீட்சை."

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். லயத்து வீடுகளுக்கெல்லாம் குழாய்த் தண்ணீர் அந்தக் குளத்திலிருந்துதான். தாமரையை ஒழிக்க மருந்து அடிக்கிறோம் என்று தோட்டத்து ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்று இவள் போய்ச் சண்டை பிடித்து, கையாலேயே எடுத்துத் தருகிறோம் என்று தவணை வாங்கியிருக்கிறாள். தவணை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கள் காலை மருந்து ஜீப் வந்துவிடும்.

"பாதி முடிச்சிட்டோம் மதினி. மத்தப் பாதிதான் ஆளை முழுங்குத ஆழம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குளத்தில் இறங்கினார்கள். அதற்கு முன்னால் இறங்கினால் கால் மரத்துப்போகும். அவர்களுடைய வழியை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். மூடி இறுக்கிய காலி கேன்களைக் கோத்து, குளத்துக்குக் குறுக்கே ஒரு நீளக் கயிறு மிதக்கவிட்டிருந்தார்கள். கயிற்றுக்கு மேற்கே எடுத்து முடித்த ஆழமில்லாத தண்ணீர். கிழக்கே ஆழம், முழுக்கத் தாமரை. கயிறு நின்றால் தாமரை இந்தப் பக்கம் வராது. நாங்கள் ஊரில் தோற்றது இதனால்தான். எடுத்த இடத்துக்கு வேலி போடவில்லை.

கொழுந்து பறிக்கிற மாதிரியே நிரை பிடித்து, ஆளுக்கொரு வரிசையாக வேலை செய்தார்கள். அள்ளியதைக் கொழுந்துச் சாக்கில் கட்டி, மழை அடித்தாலும் திரும்ப உருண்டு வராத மேட்டில் குழி வெட்டிப் போட்டார்கள். ஆனால் ஆழத்துப் பக்கம் லாரி டியூப் கட்டி மிதந்த நாலு ஆண்கள்தான் போக முடிந்தது. அவர்கள் ஒரு கட்டு எடுப்பதற்குள் இரண்டு கட்டுத் தாமரை அங்கே வந்து நின்றது. மத்தியானம் ஆகியும் பெரிதாக ஒன்றும் குறையவில்லை.

நான் கரையில் பால் விடாத கட்டன் சாயா ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது லயத்து மாடு ஒன்று தாமரைக் குவியலை மேய்ந்துகொண்டே சேற்றுக்குள் கால் வைக்கப் பார்த்தது. மாடு சேற்றில் மாட்டினால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். சுற்றிலும் பார்த்தேன். ஒரு மரக்கட்டையில் நல்ல கயிறு சுற்றியிருந்தது. அவிழ்த்தேன், மாட்டின் கழுத்தில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"கயிறு! ஐயோ, கயிறு போச்சு!" என்று தண்ணீரிலிருந்து கத்தினார்கள்.

நான் அவிழ்த்தது அந்தக் கேன் கயிற்றின் கரை முனை. கேன்கள் வரிசை குலைந்து பாம்பு மாதிரி வளைந்தன. அந்த நேரம் பார்த்துக் கிழக்கேயிருந்து கீழ்க்காற்று எழும்பியது. ஒவ்வொரு தாமரை இலையும் பாய் விரித்த மாதிரி காற்றை வாங்கி, மொத்தக் கூட்டமும் நகர்ந்து வந்தது. இத்தனை நாள் சுத்தம் செய்த தண்ணீர் கண்ணுக்கு முன்னாலேயே பச்சையாக மூடிக்கொண்டது.

ராணி என்று ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மாட்டைக் கட்டிட்டிய, கொளத்தை அவுத்துவிட்டுட்டிய. பாலக்காட்டுலேருந்து இதுக்குத்தான் பஸ் ஏறி வந்தியளா பெரியம்மா?"

வயலில் ஒருத்தர் என்னை இப்படிப் பேசியதில்லை. பேச்சியம்மாள் முட்டளவு தண்ணீரில் நின்றபடியே ஆழத்தைப் பார்த்தாள். பிறகு, "ஏளா ராணி, வாயை மூடிட்டு நடுவுல பாரு" என்றாள்.

நடு வெறுமையாக இருந்தது. யாருமே நிற்க முடியாத அந்த ஆழத்தில் வானம் தெரிந்தது. அங்கே இருந்ததெல்லாம் பெண்கள் நிற்கக்கூடிய மேற்குக் கரைக்கு வந்து நெருக்கிக்கொண்டு நின்றது.

"கயித்தைப் பிடிங்கடா! பின்னால போட்டு வளைங்க! காத்து நிக்குததுக்குள்ள!" என்று கத்தினாள் பேச்சியம்மாள்.

டியூப் ஆண்கள் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். தாமரைக்குப் பின்னால் சுற்றி வளைத்து இரண்டு கரைக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு கரையில் நான் பிடித்தேன், என்னோடு ராணி. மீன்வலை இழுப்பதுபோல் இழுத்தோம். முன்பு நடுக்குளத்தில் தேடித் தேடி அள்ளியது இப்போது காலடியில் அடுக்கி வைத்த மாதிரி கிடந்தது. சாக்கு போதவில்லை. போர்வை, படுதா எல்லாம் வந்தன. மேட்டுக்குப் போகிறவர்களும் இறங்குகிறவர்களும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். எனக்கு வயது மறந்துபோயிற்று.

"மெதுவா இழுங்க பெரியம்மா, இன்னொரு மாட்டைக் கட்ட வேண்டியிருக்கு" என்றாள் ராணி.

"நீ இருக்கறயே அம்மிணி, உன்னையக் கட்டிப்போடறேன்" என்றேன்.

இருட்டுவதற்குள் ஒரு மூலைக் கோரைப்புல் ஓரம் தவிர மிச்சமெல்லாம் தண்ணீர்.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஜீப் வந்தது. ஆபீஸ்காரர் இறங்கிக் கரையில் நின்றார். பேச்சியம்மாள் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை மொண்டு முகத்தைக் கழுவினாள். அவர் கோரைப்புல் மூலையைக் காட்டி, "அதையும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். மருந்து கேன்கள் இறங்காமலே ஜீப் திரும்பிப் போயிற்று. அன்று லயத்தில் எல்லா வீட்டிலும் எனக்குச் சாயா கொடுத்தார்கள், மறுக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் உடுமலையில் இறங்கி நைலான் கயிறு இரண்டு கட்டு வாங்கினேன், அறுநூற்று ஐம்பது ரூபாய். மலையில் வீசியது சின்னக் காற்று. எங்கள் பக்கம் தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கரும்பனை ஓலையை இரவு பகலாக அடித்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கொழிஞ்சாம்பாறையில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. துணிப்பையும் கயிறுமாக ஆட்டோவில் நேரே ஏரிக்குப் போனேன். கீழ்க்காற்று முதுகில் தள்ளியது. தாமரை முழுவதும் மேற்குக் கரையில் நெருக்கிக்கொண்டு கிடந்தது. ரோடு கிழக்கே இருக்கிறது என்பதற்காக இரண்டு வருஷமாக நாங்கள் கிழக்குக் கரையில் நின்று, காற்றை எதிர்த்து இழுத்திருக்கிறோம்!

அங்கேயே நின்று குழுப் பெண்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

"நாளைக்குக் காலைல மேக்குக் கரைக்கு வந்துருங்க. காலி கேன் இருந்தா எடுத்துட்டு வாங்க. மாட்டை மட்டும் ஒருத்தரும் ஓட்டிட்டு வராதீங்க."