நான் ஆங்கிலத்தில் சொன்னது

தொண்ணூறுகளில் மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் சிறு படங்களுக்கென்று ஒரு விழா நடத்தினார்கள். மடக்கு நாற்காலிகள், சுவரில் வெள்ளைத் துணி. ஜெலுத்தோங் அடுக்குமாடிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய தமிழ்ப் படம் ஓடியது. அதில் தாயாக வந்தவர் காரை மலாயில் 'கெரேத்தா' என்றார், சந்தையைப் 'பாசார்' என்றார், பேச்சுக்குப் பேச்சு எங்கள் ஊர்ப் பழக்கப்படி கடைசியில் 'லா' போட்டார். எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது.

படம் முடிந்து கருத்துக் கேட்டபோது முதல் ஆளாக எழுந்தேன். இது தமிழே இல்லை, கலப்படம், கேட்கவே கூசுகிறது என்று வெளுத்து வாங்கினேன். அதையும் ஆங்கிலத்தில். முன்வரிசைச் சீனர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிப் பெண் என் பக்கம் சாய்ந்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். படத்தில் வந்த அதே தாய். வேலை முடிந்து, ஃபேக்டரிச் சீருடையிலேயே வந்திருந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது அண்ணே. நம்ம படத்தப் பத்தி என்ன சொன்னீங்க? நல்லா இருக்குன்னா?"

"ரொம்ப நல்லா இருக்குலா அக்கா" என்றேன்.

அவர் கண்கலங்கிக் கைகூப்பினார். அன்று முழுக்க நான் பேசியதில் உண்மையாக வந்தது அந்த 'லா' ஒன்றுதான்.