மூத்த மருமகள் வந்த மண்டபம்

1. ஞாயிற்றுக்கிழமைத் தறிக்கூடம்

கோயம்புத்தூரில் ஒரு விளம்பர ஏஜென்சியில் ஃபீல்டு ஆபீசராகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வெளிவேலை, கருமத்தம்பட்டிக்குப் போய் சோப்பு சாம்பிள் கொடுத்துவிட்டு வருவது. தொண்ணூறுகளின் பின்பாதி. கேபிள் வயர் எல்லா ஊருக்கும் வந்துவிட்டிருந்தது. ஒரு குடும்ப நாடகம் ஊரையே கட்டிப்போட்டிருந்தது. எங்கள் கிளையண்டான சோப்பு கம்பெனிதான் அதற்கு ஸ்பான்சர்.

“அங்க ஒரு தறிக்கூடத்துல பொம்பளைங்க கூடி நாடகத்தைப் பத்திப் பேசுறாங்களாம். போய்ப் பாரு. நமக்கு உதவும்” என்று மேனேஜர் ரங்கராஜ் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத அந்தக் கூடத்தில், தறிகளுக்கு நடுவே பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிவி கிடையாது. அந்த வாரம் பார்த்ததைப் பற்றிப் பேசத்தான் கூடியிருந்தார்கள். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. சண்டை. நாடகத்தில் மூத்த மருமகள், சின்ன மருமகளுக்குச் சேர வேண்டிய சொத்துக்கு மாமனாரின் கையெழுத்தை ஏமாற்றி வாங்கிவிட்டாள். அவள் செய்தது சரியா தப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் ராஜாமணி. நாற்பது வயதிருக்கும். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைக்கும் வேலை. தறியில் ஓடி முடிகிற பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு கையால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். பேசும்போதும் அவர் விரல்கள் எதையோ முறுக்கிக்கொண்டே இருந்தன.

“மூத்தவ கெட்டவ இல்லீங்க” என்றார் என்னிடம். “அந்த ஊட்டுல அத்தன வருசம் சோறாக்கிப் போட்டவ. ஒருத்தனாவது சாப்பிட்டயா கண்ணுன்னு கேட்டானுங்களா? நீங்களே சொல்லுங்க சார்.”

“அதுக்காவ சின்னவ வயித்துல அடிக்கலாமாக்கா?” என்று எதிர்க்கட்சியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

அவரவர் வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் மூத்தவள் மேலும் சின்னவள் மேலும் ஏற்றிச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஒரு பெண் மூத்தவளுக்காகப் பேசிக்கொண்டே வந்து, நடுவில் அழுதுவிட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ராஜாமணி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். சண்டை தொடர்ந்தது. நான் சோப்பை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

2. காந்திபுரத்தில் நட்சத்திர சந்திப்பு

சில மாதம் கழித்து நடிகர்களையே கூட்டிவர கம்பெனி முடிவு செய்தது. காந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம். சோப்பு உறையைக் கொண்டுவந்து கொடுத்தால் நுழைவு பாஸ். மண்டபம் கொள்ளுகிற அளவைத் தாண்டி பாஸ் அடிப்பதாக மேனேஜரிடம் சொன்னேன்.

“கூட்டம் வழியணும்ப்பா. போட்டோவுல அதுதான் பேசும்” என்றார்.

கருமத்தம்பட்டிப் பெண்களுக்குப் பக்கவாட்டுக் கதவருகே இடம் ஒதுக்கியிருந்தேன். ராஜாமணி பட்டுச்சேலையில் வந்திருந்தார். “மூத்தவளா நடிக்கிற அம்மணியும் வாராங்களாங்க? ஒரு வார்த்தை பேச முடியுமுங்களா?” என்று கேட்டார். விழா முடிந்ததும் கிரீன் ரூமுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

நடிகர்கள் மிகவும் தாமதமாக வந்தார்கள். அதற்குள் உள்ளே காற்று இல்லை. வெளியே பாஸ் வைத்திருந்தும் நுழைய முடியாதவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாயகன் மேடையேறியதும் கூரை அதிர விசில். அடுத்து மூத்த மருமகளாக நடிக்கும் சுகந்தி வந்தார். ஒல்லியான, கூச்சமான பெண். கையெடுத்துக் கும்பிட்டார். “ஓ”வென்று கூச்சல் எழுந்தது.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய காம்பியரருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. மைக்கை நீட்டி, “எங்க சின்ன மருமகளை எதுக்கம்மா இப்படி அழ வைக்கிறீங்க? கோயம்புத்தூர் மக்கள் சும்மா விடுவாங்களா?” என்றார்.

முதலில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. அடுத்து தண்ணீர் பாட்டில். முன்வரிசைக்குக் கட்டியிருந்த சவுக்குக் கட்டைத் தடுப்பு சாய்ந்தது. சிலர் நாயகனைத் தொடுவதற்காக ஏறினார்கள், சிலர் சுகந்தியை அடிப்பதற்காக. பின்னாலிருந்து தள்ளியவர்களுக்கு எதற்காகத் தள்ளுகிறோம் என்றே தெரிந்திருக்காது.

மேனேஜர் நாயகனைப் பின்வழியாக இழுத்துப்போய் காரில் ஏற்றினார். கார் போய்விட்டது. சுகந்தி மேடையிலேயே நின்றார். நான் அவர் கையைப் பிடித்துப் பக்கவாட்டுக் கதவை நோக்கி இறங்கினேன். இரண்டு பெண்கள் அவர் கூந்தலைப் பிடித்துவிட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் அறைந்தாள்.

அப்போதுதான் ராஜாமணியும் அவர் கூட்டமும் குறுக்கே வந்து சுகந்தியைச் சுற்றி நின்றார்கள். மூத்தவளைத் திட்டுகிற எதிர்க்கட்சிப் பெண்களும் அதில் இருந்தார்கள்.

“உடுங்க! நடிக்கிறவங்கதானுங்க அவங்க! நம்மளாட்ட வேலைக்கு வந்த பொம்பளைங்க!” என்று ராஜாமணி கத்தினார். அவர் தோளிலும் முதுகிலும் அடி விழுந்தது. எங்களைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டார்.

அது இழுத்துச் சாத்துகிற இரும்பு மடக்குக் கதவு. பின்னால் வரும் பெண்களுக்காக அதை மூடவிடாமல் வலதுகையால் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே நின்ற செக்யூரிட்டி ஆட்கள், கூட்டம் ரோட்டுக்கு வந்துவிடும் என்று அந்தப் பக்கமிருந்து இழுத்தார்கள். நான் “கை, கை” என்று கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ராஜாமணியின் நசுங்கிய விரல்களில் இரண்டை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது மடங்கவே இல்லை. அந்த அம்மா தானாகப் போய்க் கையை மாட்டிக்கொண்டார் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மேனேஜர் என்னிடம், “நாம அங்க அடிக்கடி போக வேண்டாம்” என்றார். நான் போனேன். பெரும்பாலும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

3. சுகந்தி கேட்டது

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே சுகந்தி மெட்ராஸிலிருந்து தனியாக வந்தார். யாருக்கும் சொல்லவில்லை. “அவங்க கூடுற இடத்துக்கே என்னைக் கூட்டிட்டுப் போங்க சார்” என்றார். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனேன்.

அவருக்கு நாற்காலி போட்டார்கள். கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார்கள். எல்லோரும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“நான் இல்லாதப்ப எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. மூத்தவளைத் திட்டினாலும் பரவாயில்லை” என்றார் சுகந்தி.

எதிர்க்கட்சிப் பெண் மட்டும், “நல்லா நடிக்கறீங்க” என்றாள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

சுகந்தி எழுந்துபோய் ராஜாமணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். ராஜாமணிக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் மெல்லக் கையை இழுத்துக்கொண்டார்.

“அழுவாதீங்க அம்மணி. உங்களைத் தப்பாச் சொல்லலீங்க. நீங்க அழுதா எனக்கு நாடகம் பாக்கறாப்பலயே இருக்குதுங்க. இந்தக் கைதானுங்க நெசம்.”

சுகந்தி அதன்பிறகு அதிக நேரம் இருக்கவில்லை.

அந்தக் கூட்டம் அதற்குப் பிறகு கூடவே இல்லை. பெண்கள் நாடகம் பார்த்தார்கள்தான். ஆனால் மூத்தவளைப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடித்த சுகந்தி தெரிகிறார் என்றார்கள். அவரைத் திட்டவும் முடியவில்லை, அவருக்காகச் சண்டை போடவும் முடியவில்லை. ராஜாமணிக்குப் பாவு பிணைக்க விரல் இல்லை. சோமனூர்ப் பக்கம் ஒரு மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டும் வேலைக்குப் போனார். ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். நலம் விசாரித்தேன். “இருக்கறேனுங்க” என்றார். நாடகம் பார்க்கிறீர்களா என்று நானும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடமிருப்பது கொஞ்சம்தான். ஆள் உள்ளே வரும் வழியைப் பிறகு பாருங்கள். வெளியே போகும் வழியை முதலில் பாருங்கள். கதவை மூடும் அதிகாரத்தை, உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாத ஆளிடம் கொடுக்காதீர்கள். வில்லி வேடக்காரரை மேடையில் வைத்து வேடிக்கை காட்டாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. சில வருடம் கழித்து வேறொரு கம்பெனிக்காரர்கள், ஊருக்குள் இப்படி நாடகம் பேசுகிற கூட்டங்கள் இருந்தால் சொல்லுங்கள், நடிகையை நேரில் அனுப்புகிறோம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை என்றேன்.

சிங்காநல்லூரில் மில் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வழியாகப் போகும்போது பெண்கள் கத்திக்கொள்வது ரோடு வரைக்கும் கேட்கும். வண்டியின் வேகத்தைக் குறைப்பேன். நிறுத்தமாட்டேன்.