கலியமூர்த்தி அண்ணன் ஏன் பெட்டி மாறினார்

செய்தி காலை ஏழு மணிக்கு நம் ரயில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ‘கலியமூர்த்தி அண்ணன் தவறிட்டாங்க. மாரடைப்பு. சாயந்தரம் எடுக்கிறாங்க’ என்று அய்யம்பேட்டை அன்சாரி போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவில் ஒரு ஸ்டிக்கர்: மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைக்கும் ஒருவரின் முகம், அடியில் ‘தாங்க முடியல’ என்ற எழுத்து. அனுப்பியவர் போன தை மாதம்தான் குழுவில் சேர்ந்தவர். சோகம் என்றால் எல்லோரும் அனுப்புவதை அவரும் அனுப்பினார். அது கலியமூர்த்தி அண்ணனின் முகம்தான் என்று அவருக்குத் தெரியாது.

நமக்குத் தெரியும். ஆனாலும் அதை எடுக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்குக் காலை பாசஞ்சரில், பின்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் வந்துபோகும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாம் நடத்திய இரங்கல் கூட்டத்தில், ‘நம்மையெல்லாம் சிரிக்க வைத்தவர்’ என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவர் நம் பெட்டியை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

அவர் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். ஊசியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஏதாவது ஒரு சினிமா காமெடியை இரண்டு குரலில் பேசிக் காட்டுவார். பிள்ளை சிரித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். “சிரிக்கிறப்ப கை தானா தளந்துடும் சேகரு. பெரியவங்களுக்கும் அதேதான். ஆனா அவங்ககிட்ட கொஞ்சம் பழைய காமெடியா சொல்லணும்” என்று என்னிடம் சொல்வார்.

ரயிலில் நம் பேச்சு முழுக்க சினிமாவும் டிவி காமெடியும்தான். யார் பெரிய ஆள், எந்தக் காட்சி உசத்தி என்று பண்டாரவாடையில் ஆரம்பிக்கும் சண்டை திட்டையைத் தாண்டியும் ஓயாது. ஒருநாள் அன்சாரி, “ஓங்கி ஒரு அறை விட்டாதாண்ணே காமெடி. தியேட்டரே அதிருதுல்ல” என்றார். ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே அண்ணன் பதில் சொன்னார்: “அறைஞ்சதுக்கு யாரும் சிரிக்கலப்பா. அறை வாங்குனவன் எந்திரிச்சு, சட்டைய உதறிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி நடப்பான் பாரு, அதுக்குத்தான் சிரிக்கிறோம். அடுத்த தடவ பாக்குறப்ப அவன் நடையப் பாரு.” அன்று வீட்டுக்குப் போய் நாமெல்லோரும் அறை வாங்கும் காட்சி ஒன்றைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

டிவி தொடர்களில் பின்னாலிருந்து வரும் சிரிப்புச் சத்தம் மட்டும் அவருக்குப் பிடிக்காது. “பந்தியில உக்காரும்போதே ஏப்பம் விடச் சொல்றான்” என்பார்.

சினிமா காமெடி பற்றி ரசிகர்கள் இரண்டு அணியாக உட்கார்ந்து பேசும் ஒரு நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிக்காரர்கள் தஞ்சாவூரில் படம் பிடிக்க வந்தபோது, அவர் பெயரைக் கொடுத்தது நான்தான். அவருக்கு இஷ்டமில்லை. “நாம ரயில்ல பேசுறது ரயிலோட போகட்டுமே சேகரு” என்றார். நான் விடவில்லை. உங்களில் நாலைந்து பேரும் சேர்ந்து நச்சரித்தீர்கள். கடைசியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நான் பக்கத்தில் உட்கார, கல்யாண மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில் அவர் உட்கார்ந்தார்.

உங்களை அதிகம் சிரிக்க வைத்த காட்சி எது என்று நிகழ்ச்சியை நடத்தியவர் கேட்டார். அண்ணன் சொல்ல ஆரம்பித்தார்.

“சின்ன வயசுல ஒரு படம் பாத்தேன். பேரு ஞாபகம் இல்ல. பண்ணையார் ஒருத்தரு, வாய்க்கால் கரையில நிக்கிற கூலியாள எட்டி உதைப்பாரு. அவன் குப்புற சேத்துல விழுவான். கொட்டகையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். பக்கத்துல எங்கப்பா. அவரும் பண்ணையில கூலி வேலைதான். தலையில அந்தக் கூலியாள் கட்டியிருந்த மாதிரியே துண்டு. திரும்பிப் பாக்குறேன், என்னவிட சத்தமா அவரு சிரிக்கிறாரு. ஏம்ப்பா சிரிச்சேன்னு கேக்கணும்னு இருந்தேன். கேக்குறதுக்குள்ள செத்துப் போயிட்டாரு.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.  நடத்தியவரே அடுத்த கேள்வியை மறந்து நின்றார்.

ஒளிபரப்பில் அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. யாரோ ஒருவர் ஒரு நடிகரைப் போலப் பேசிக் காட்டுகிறார், உடனே அண்ணன் கண்ணைத் துடைக்கிறார், பின்னணியில் ஒரு சோகப் புல்லாங்குழல், அதற்குமேல் கூட்டத்தின் சிரிப்பு. மூன்று விநாடி இருக்கும். அவ்வளவுதான் அவர் வந்தது.

தொலைக்காட்சிக்காரர்களைத் திட்டி இதை முடித்துவிடலாம். அப்படித்தான் இரங்கல் கூட்டத்தில் இரண்டு பேர் முடித்தார்கள். ஆனால் மறுநாள் காலையில் அந்த முகத்தை வெட்டியெடுத்து ஸ்டிக்கர் ஆக்கியவன் நான். பிளெக்ஸ் அடிக்கும் கடையில் வடிவமைப்பாளன். தினமும் முகம் வெட்டுவதுதான் என் தொழில். பத்து நிமிடம் ஆகவில்லை. அவர் எதற்கு அழுதார் என்று நம் குழுவில் தெரிந்த ஒரே ஆள் நான்தான், பக்கத்தில் இருந்து கேட்டவன். தெரிந்துதான் செய்தேன். நீங்கள் சிரித்தீர்கள். மதியத்துக்குள் அது கும்பகோணம் போய்விட்டது. அடுத்த வாரம் அன்சாரியின் மச்சான் அதைக் குவைத்திலிருந்து நமக்கே திருப்பி அனுப்பினார்.

அண்ணன் ஒன்றும் எழுதவில்லை. குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி மட்டும் வந்தது. மறுநாளிலிருந்து முன்பெட்டியில் ஏறினார். அன்சாரி ஒருமுறை நடைமேடையில் நிறுத்தி, “ஏண்ணே அங்க போறீங்க?” என்று கேட்டதற்கு, “அங்க நல்லா காத்து வருதுப்பா” என்றார். காமெடியைக் காமெடியாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நாம் பேசிக்கொண்டோம். காமெடியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

பரிசோதனைக்கு வந்த ஒருவர், “நீங்க அந்த ஸ்டிக்கர்ல வர்ற ஆள்தானே?” என்று கேட்டு, ஊசியும் கையுமாக அவரை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டாராம். அதுவும் நம் குழுவுக்கு வந்தது. அதற்கும் சிரித்தோம்.

காரியம் முடிந்த பிறகு நான் மட்டும் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், ஸ்டிக்கர் செய்தது யார் என்று அந்த வீட்டுக்குத் தெரியுமா என்று பார்த்துவரத்தான் போனேன். அவர் மனைவி மல்லிகா அக்கா நாற்காலியை எடுத்துப் போட்டார். டீ கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தபோது அவரே ஆரம்பித்தார்.

“அவருக்குத் தெரியும் தம்பி.”

“என்னக்கா?”

“நீங்கதான் அதச் செஞ்சீங்கன்னு. மொத நாளே என்கிட்ட போனக் காட்டுனாரு. ‘நம்ம சேகரு கைவேலதான் இது. சுத்திவர நல்லா வெட்டியிருக்கான், காதுல மட்டும் கொஞ்சம் போயிடுச்சு’ன்னாரு.”

“கோவப்படலையா?”

“கோவம்லாம் இல்ல. அன்னைக்கு சாப்பிடல.”

  மன்னிப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. வரப்பு வழியாக நடந்து சாலைக்கு வந்து பஸ் ஏறினேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று கூட்டத்தில் என்னிடம் கேட்டீர்கள். அவருடைய நகைச்சுவை உணர்வு என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது பொய். என்னிடம் இருப்பது இதுதான்: இந்த ஒன்றரை வருடமும் தினமும் காலையில் முன்பெட்டிக்குப் போகிற வழியில் என்னைத் தாண்டும்போது, “சாப்பிட்டியா சேகரு?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். நான் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆச்சுண்ணே” என்பேன்.