மாட்டுக் கதிரில் ஒரு சூப்

காலை ஆறு மணிக்கே செல்லூரிலிருந்து கிளம்பிவிட்டேன். போக வேண்டியது திருமங்கலத்துக்குத் தெற்கே, தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு. முதலில் போனதோ திண்டுக்கல் சாலையில், பரவை மார்க்கெட்டுக்கு. எல்லாம் மாப்பிள்ளையின் தாடையால் வந்தது. பைக்கிலிருந்து விழுந்து எலும்பு முறிந்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஸ்ட்ராவில் ஏறுவதுதான் சாப்பாடு. கஞ்சி சலித்துப்போய் இப்போது அதையும் தள்ளிவிடுகிறாராம். சத்து இறங்காவிட்டால் எலும்பு கூடாது என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். "என்னால முடியல அண்ணே" என்று தங்கச்சி போனில் அழுதாள்.

எனக்குச் சோளச் சூப் நன்றாக வரும். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

மார்க்கெட்டில் ஸ்வீட் கார்னைத் தோகை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா விடவில்லை. "அண்ணே, கதிர் வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

நாலு கதிர் அறுபது ரூபாய். கொடுத்துவிட்டு ஓடினேன்.

திருமங்கலம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் பையைப் பார்த்து விசாரித்தார். மாப்பிள்ளைக்கு வாயைக் கட்டியிருக்கிறது என்றேன். "அப்ப வீடு அம்புட்டு அமைதியா இருக்குமே!" என்றார். சிரித்தேன். அந்த அமைதி எப்படிப்பட்டது என்று போன பிறகுதான் தெரிந்தது.

மினி பஸ் மாறி இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. கிணற்றுப் பாசனம் உள்ள இடமெல்லாம் ஆளுயர மக்காச்சோளம். தங்கச்சி வீட்டுக் கொல்லையை ஒட்டியும் அதுதான். உள்ளே மாப்பிள்ளை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இளைத்த உடம்பில் சட்டை தொளதொளத்துக் கிடந்தது.

நேராக அடுப்படிக்குப் போனேன். மணியை உதிர்த்து, வெறும் தக்கையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டேன். சூப்பின் மணம் அதில்தான் இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, அரைத்த சோளத்தை ஊற்றி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, ஸ்ட்ராவில் அடைக்காமல் வேட்டித் துணியில் வடிகட்டிக் கொடுத்தேன்.

ஒரு இழுப்புதான். கட்டிய பல்லுக்குள்ளிருந்தே சொன்னார்: "பாயசம் குடிக்கவா பல்லைக் கட்டிப் போட்டாக?"

உண்மைதான், தித்தித்தது. மிளகைக் கூட்டினேன், இனிப்பு ஒரு பக்கம், உறைப்பு ஒரு பக்கம் நின்றது. அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கச்சி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு இறங்கினாள். பின்னால் ஓடி, "மருந்து அடிச்ச காடாச்சே ஆத்தா?" என்றேன்.

"வரப்போரம் நாலு வரிசைக்கு அடிக்க மாட்டோம்ணே. அது மாட்டுக்கு."

நகத்தால் மணியைக் கீறிப் பார்த்து, பால் தெறித்த கதிர்களை மட்டும் அறுத்தாள். விளைந்தால் தீவனத்துக்குப் போகிற சோளம். வீட்டுச் சமையலில் அதை யாரும் சேர்ப்பதில்லை. "மாட்டுத் தீனியப் போட்டேன்னு ஊரு சிரிக்கும். சிரிக்கட்டும்" என்றாள்.

அதே பக்குவம்தான். ஆனால் இந்தச் சோளத்துக்குத் தித்திப்பு குறைவு, மிளகோடு இணைந்துகொண்டது. கொழகொழவென்று திரண்டதை வெந்நீர் விட்டு இளக்கினோம்.

மாப்பிள்ளை இழுத்தார். நிறுத்தினார். மறுபடி இழுத்தார். டம்ளர் அடியில் ஸ்ட்ரா கர்ரென்று சத்தம் போட்டது.

"மச்சான்... மாடு இம்புட்டு நாளா நல்லாத்தான் தின்னுருக்கு."

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர்.

மாலை நான்கு மணி மினி பஸ்ஸுக்கு அவளும் கூட வந்தாள். எங்கள் பக்கத்தில் விருந்தாளி பஸ் ஏறி, பஸ் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் வீட்டுக்காரர்கள் நிற்பார்கள், நிற்காவிட்டால் மனத்தாங்கல்தான். நானே அப்படிக் கோபித்துக்கொண்டவன். பஸ் இன்னும் வரவில்லை. அவள் போன் அடித்தது. காதில் வைத்து ஒரு விநாடி கேட்டாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீக. அவருக்குப் பசிக்குதாம். நான் போறேன்."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போனாள். நான் தனியாக நின்று, மனம் நிறைந்து பஸ் ஏறினேன்.